2010 மாடல் காரில் ஐடில் உதறல்: மவுண்ட்டா, மிஸ்ஸிங்கா?

நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன், மொத்தம் 1,40,000 கிலோமீட்டர் தாண்டியாகிவிட்டது. தருமபுரியில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. மாதம் ஒருமுறை தொப்பூர் கணவாய் இறங்கி சேலம்.

போன வருஷக் கோடையில் ஆரம்பித்தது. நாலு ரோட்டில் ஐடிலில், அதாவது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வண்டி மட்டும் ஏசியோடு நின்றால், ஸ்டீயரிங் உதறும், உள் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ் கலங்கித் தெரியும். நகர்ந்ததும் அடங்கிவிடும். வழக்கமான மெக்கானிக், "அண்ணே, மவுண்ட் போயிருக்கு" என்றார். இன்ஜினை பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கிதான் மவுண்ட். ரப்பர் வெடித்திருந்தது உண்மைதான். விலை குறைவாகக் கிடைத்த மூன்று மவுண்ட்களையும் மாட்டினோம். உதறல் இன்னும் கூடி சீட்டுக்கே வந்துவிட்டது! கெட்டியான ரப்பர் அதிர்வை விழுங்காது, அப்படியே பாடிக்குக் கடத்தும்.

பிறகு கிருஷ்ணகிரியில் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். ஸ்பேனரைத் தொடாமல் முதலில் ஓட்டிப் பார்த்தார். சமமான ரோட்டில் 70-ல் போகும்போது கிளட்சை மிதித்து ஆர்பிஎம்மை (இன்ஜின் சுழலும் வேகத்தை) இறக்கினார். வேகம் குறையாமலே நடுக்கம் நின்றால் இன்ஜின் பக்கம், தொடர்ந்தால் சக்கரம், அதைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் பக்கம். (தொப்பூர் இறக்கத்தில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அங்கே கியரில்தான் இறங்க வேண்டும்.) என் வண்டியில் ஓட்டத்தில் நடுக்கமே இல்லை, நிற்கும்போது மட்டும்தான்.

அடுத்து, ஐடிலில், சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்று, இரண்டு, நாலில் இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இது வேலையே செய்யல தம்பி" என்றார். இப்படி ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவதுதான் மிஸ்ஸிங். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றாமல் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றியதற்குக் காரணம் உண்டு. ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது காயிலை உருவினால் பிளக் குழியில் ஆயில்! இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து கசிந்த ஆயிலில் ஊறி, காயிலின் ரப்பர் உப்பிப் பிளந்திருந்தது. மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவியிருக்கிறது. சந்தேகம் தீர, அந்தக் காயிலை ஒன்றாவதில் மாட்டினார். மிஸ்ஸிங்கும் கூடவே அங்கே போனது.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றுதான். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் நாலாவது கியரில் லேசாக வெட்டி வெட்டி இழுத்ததை, வயசான வண்டிதானே என்று ஆறு மாதம் விட்டுவிட்டேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், ஸ்பார்க் தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். செக் இன்ஜின் விளக்கு ஒருநாளும் எரியவில்லை. ஸ்கேனர் போட்டபோதுதான் பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) என்ற கோடு, விளக்கை எரிய வைக்காத பென்டிங் நிலையில் கிடந்தது.

பேக்கிங், நாலு பிளக், ஒரு காயில், கடைசியாக ஒரிஜினல் மவுண்ட்கள். மவுண்ட் போல்ட்களை உடனே இறுக்காமல், இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே முறுக்கினார்.

பதினோரு மாதமாக ஏசியோடு நின்றாலும் கண்ணாடி கலங்குவதில்லை. மார்கழிக் குளிரில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் மட்டும் லேசான நடுக்கம் இருந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததில் பாதி குறைந்தது. மீதிக்கு, அடுத்த சர்வீசில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.