பழைய ஏர் கன்னைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் பழைய ஏர் கன் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. செய்த வேலையை எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த டயானா 27 அது. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்துத் தயாரிப்பு. வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடிக்கும் தேவதையின் முத்திரை மேலே இருக்கும். பிஸ்டனை உந்திக் காற்றை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. "ஜெர்மன் ஸ்பிரிங்கே போட்டுத் தருகிறேன் அண்ணே" என்று சொல்லிப் பட்டறைக்காரர் முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்.

திருப்பிக் கொடுக்கும்போது பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) போடாமலே சுட்டுக் காட்டினார். காது அடைக்கும் சத்தம், குழல் முனையில் புகை. "பவரைப் பார்த்தீர்களா?" என்றார். அதன் பெயர் பவர் அல்ல. உள்ளே ஊற்றிய எஞ்சின் ஆயில், அழுத்தத்தில் சூடேறிய காற்றில் பற்றி எரிந்திருக்கிறது. அதோடு, பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் காற்று முன்னால் நிற்காது; பிஸ்டன் சிலிண்டரின் முனையில் நேராக மோதும். ஸ்பிரிங்கும், பிஸ்டன் தலையில் இருக்கும் வாசரும் இப்படித்தான் நாசமாகின்றன.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். வேறு ஏதோ இயந்திரத்தின் ஸ்பிரிங்கை அளவுக்கு வெட்டித் திணித்திருந்தார்கள். வெட்டிய முனையைத் தட்டையாகத் தேய்க்கக்கூட இல்லை. அது சிலிண்டரின் உட்சுவரில் நீளமாகக் கீறியிருந்தது. எண்ணெயில் ஊறிப் பதமாக இருந்த தோல் வாசரைக் காணோம், அந்த இடத்தில் கெட்டி ரப்பர். இந்த மாடலில் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது விசைக்குள் இருக்கும் மூன்று எஃகு உருண்டைகள். இரண்டுதான் இருந்தன. குழலை மடக்கிப் பெல்லட் வைக்கும் நேரத்தில் பிடி நழுவினால் குழல் விருட்டென்று மேலே அடிக்கும், விரல் போய்விடும். என் மகன் கையில் கொடுக்க இருந்த துப்பாக்கி இது.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. பளபளப்பாக்குகிறேன் என்று எமரித்தாளால் தேய்த்ததில், தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்த எண்கள் அழிந்துவிட்டன. நீலம் பாய்ந்த பழைய மெருகும் போயிற்று.

கேட்கப் போனேன். "பழைய சாமானெல்லாம் எடைக்குப் போய்விட்டது" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இது இனித் தேறாது அண்ணே, நானே ஒரு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து நல்ல பொருள்கள் இப்படித்தான் வெளியேறுகின்றன என்று நான் நம்புகிறேன்.

கொடுக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். முத்திரைகளையும் எண்களையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், உடைந்ததாக இருந்தாலும், கையில் வாங்கிய பிறகு கூலி கொடுங்கள். எமரித்தாளை எடுத்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.