சோற்றை விடுவதா, நேரத்தைச் சுருக்குவதா, சுண்டைக் குறைப்பதா?

போன வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சாப்பாட்டை மாற்றினோம். படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கும் அக்காவின் மகன் சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றையும் அடியோடு விட்டுவிட்டு, மாச்சத்தை ஏறக்குறைய முழுதாகத் தவிர்த்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ முறைக்குப் போனான். நான் பதினாறு மணித்தியாலம் பட்டினி, எட்டு மணித்தியாலம் சாப்பாடு என்று நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். மனைவி பெயருள்ள எந்த முறைக்கும் போகவில்லை. தேத்தண்ணியில் சீனியையும் பானைக்கு அரிசி அளக்கும் சுண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், அவ்வளவுதான்.

தொடக்கி வைத்தது என் இரத்தப் பரிசோதனை. இரத்தத்தில் சீனியின் அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 சதவீதம் என்று வந்தது. 5.7 இலிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய கட்டம், 6.5 ஐத் தொட்டால் நீரிழிவு. கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை அது காட்டுவதால், பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து தப்ப வழியில்லை.

ஒரே அடுப்பு, ஒரே சந்தை, ஒரே சொந்தக்காரர் வீட்டு அழைப்புகள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எடையை வைத்து ஒப்பிட்டால் ஒரு மாதத்தில் மருமகன்தான் முதலிடம். கதையும் அங்கேயே முடிந்துவிடும். நான் கவனித்தது வேறொன்றை. எந்தக் கட்டுப்பாடும் ஒரு நாள் உடையும். கலியாணம் வரும், காய்ச்சல் வரும், காலி வீதி மழையில் அடைபடும். உடைந்த மறுநாள் காலையில் அந்தக் கட்டுப்பாடு என்ன ஆகிறது?

முதலில் கீட்டோ. கொழும்பில் அதற்கு வசதி இல்லாமல் இல்லை. முட்டை, மீன், பட்டர் ஃபுரூட், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய். முதல் கிழமையிலேயே மூன்று கிலோ இறங்கியது. உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜன் கரையும்போது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும்; ஆகவே அந்த முதல் மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிக்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, முட்டையும் அடுப்பேறாது. கீட்டோவில் பருப்பும் கூடாது, கடலையும் கூடாது. மிச்சம் கத்தரிக்காயும் தேங்காயும்தான். ‘வெள்ளிக்கு மட்டும் விலக்குத் தாங்கோ மாமி’ என்று என் மனைவியிடம் கெஞ்சிப் பார்த்தான். கிடைக்கவில்லை. மற்ற நாட்களில் அவனுக்கென்று தனிச்சட்டி. அந்தத் தனிச்சட்டியைக் கழுவுவது யார் என்ற கேள்வி மூன்றாம் கிழமையிலேயே எழுந்துவிட்டது.

ஏழாம் கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம். ஒரு பிடி புரியாணி சாப்பிட்டான். அது பாவமில்லை. ஆனால் மறுநாள் இரவு கொத்து ரொட்டிப் பார்சலோடு வந்து, ‘அதுதான் போச்சே மாமா, இனி முதலாம் திகதியிலயிருந்து தொடங்குவம்’ என்றான். முதலாம் திகதி வந்தது, போனது. முழுதாகக் கடைப்பிடித்தால்தான் கணக்கு என்ற முறைக்கு ஒரு பிடி சோறும் ஒரு சட்டிச் சோறும் ஒன்றுதான். நான் கேட்ட கேள்விக்கு அது பூச்சியம்.

மாச்சத்தைக் குறைப்பது பிழையான வழி என்று சொல்ல வரவில்லை. 2018 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தாரைக் கொழுப்பையும் மறுபக்கத்தாரை மாச்சத்தையும் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து முதல் பக்கத்துக்குச் சராசரியாக 5.3 கிலோ, மற்றப் பக்கத்துக்கு 6.0 கிலோ இறங்கியிருந்தது. சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்திலும் நிறையக் குறைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடிப்போனவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் 2005 இல் பொஸ்டனில் 160 பேரிடம் நான்கு பிரபல முறைகளை ஒப்பிட்டபோதும் அப்படித்தான். எந்த முறை என்பதைவிட எவ்வளவு தூரம் விடாமல் கடைப்பிடித்தார்கள் என்பதே எடையோடு ஒத்துப்போனது. வருஷ முடிவு வரை ஆய்வில் நின்றவர்கள் பத்துக்கு ஆறு பேர் அளவில்தான்.

இனி என் முறை. இதற்குச் செலவே இல்லை. மதியம் பன்னிரண்டுக்கு முதல் சீனியில்லாத தேத்தண்ணி, இரவு எட்டுக்குப் பிறகு தண்ணீர். தனிச்சட்டி வேண்டாம், கலோரி எண்ண வேண்டாம். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. ‘காலமை வெறும் வயித்தோட போறாய், ஆருக்கடா இந்த விரதம்?’ என்று வாசலில் நின்று கேட்பார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒரு நேரம் சாப்பிடுகிறவருக்குப் பட்டினி புதிதல்ல. ஆனால் அவருடைய விரதத்துக்கு முருகன் இருக்கிறார், ஏழாம் நாள் பாறணை இருக்கிறது, வீடு முழுக்க அதற்கு ஒத்துழைக்கிறது. என் விரதத்துக்குப் போனில் ஒரு மணியோசை மட்டும்.

எதிரி காலி வீதி. கோட்டையில் ஆறரைக்கு 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், மழை நாளில் வீட்டுக்கு வந்து சேர எட்டு தாண்டிவிடும். எட்டு ஐந்துக்குப் புட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு நானே நியாயம் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, மதியச் சோற்றுப் பார்சல். கடைப் பார்சல் ஒன்றில் இரண்டு பேருக்கான சோறு இருக்கும். காலையில் பட்டினி கிடந்தவனுக்கு அதில் கடைசிப் பருக்கை வரை உரிமை இருப்பதாகத் தோன்றும். சீனாவின் குவாங்சோவில் 139 பேரை வைத்து ஒரு வருஷம் செய்து 2022 இல் வெளிவந்த ஆய்வும் இந்த இடத்தைத்தான் தொட்டது. இரண்டு குழுவும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தன; ஒன்று மட்டும் எட்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டது. முடிவில் இரண்டுக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. மணிக்கூடு தட்டை அளக்காது.

ஆனாலும் மறுநாள் கேள்வியில் இது தேறியது. விட்டாலும் அடுத்த நாள் பன்னிரண்டு மணி வழக்கம்போல வரும். சித்திரை வருஷப்பிறப்புக்கு யாழ்ப்பாணம் போய், ஒவ்வொரு வீட்டிலும் காலைச் சாப்பாட்டை மறுக்க முடியாமல் பத்து நாள் தடம் மாறினேன். திரும்பி வந்து கிழமைக்கு மூன்று நாள் என்று சுருக்கிக்கொண்டேன். அது இன்னும் ஓடுகிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சீனிக்குக் குளிசை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் மேலே சொன்ன இரண்டையும் வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை நிறுத்தினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மனைவியின் முறைக்கு வருவோம். அது உண்மையில் தைப்பொங்கலுக்குத் தொடங்கியதே அல்ல. 2022 இல் பால்மாவுக்கு வரிசை நின்ற காலம் நினைவிருக்கும். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பால்மா இல்லாததால் பால் தேத்தண்ணி நின்று பிளேன் டீ வந்தது. பிறகு பால்மா கடைக்குத் திரும்பியது, பால் தேத்தண்ணி எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நாக்கு பழகிவிட்டது. யாரும் திட்டம் போடாத மாற்றம் ஒன்று இப்படி நிலைத்ததைப் பார்த்துத்தான் அடுத்ததாகச் சீனியில் கை வைத்தேன் என்கிறார்.

நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி. கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்தாலும் 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு ஏறக்குறைய 25 கிராம், அதுவும் பிஸ்கட், கேக் எல்லாம் சேர்த்து. 2016 இலிருந்து நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் வந்தது. தேத்தண்ணிக் கோப்பைக்கு யார் வட்டம் போடுவது? மனைவி இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கினார். மூன்று கிழமை கழித்து ஒன்று. பிறகு சீனியே போடாமல், ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது. பனங்கட்டியும் சீனிதான், மருந்தல்ல. ஆனால் கடிப்பதற்கு ஒரு துண்டு என்று கையில் எடுத்தால் கண்ணுக்கு அளவு தெரிகிறது.

பானை விஷயம் அதைவிடக் கெட்டிக்காரத்தனம். மூன்று சுண்டு அரிசி போட்ட வீட்டில் இரண்டேகால், பிறகு இரண்டு. யாரையும் ‘குறைத்துச் சாப்பிடு’ என்று சொல்லவில்லை. பானையில் இல்லாததை இரண்டாம் தரம் போட முடியாது. அந்த இடத்தை நிரப்ப ஒவ்வொரு நாளும் ஒரு வறை: வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, சில நாள் கோவா. இலையைக் கழுவி ஆய்ந்து அரிவதில் இருபது நிமிஷம் போகும். சந்தையில் அரிந்து பைக்கற்றில் விற்பதை அவர் தொடமாட்டார், கழுவிவிட்டு அரிந்தார்களா என்று தெரியாது என்பார். அந்த இருபது நிமிஷத்தை யார் கொடுப்பது என்பதுதான் இந்த முறையின் உண்மையான விலை. இப்போது ஞாயிறும் புதனும் என் முறை. என் வல்லாரை கொஞ்சம் தடிப்பாகத்தான் விழும்.

குரக்கன் புட்டுக்கு மாறினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் நிறைய, நல்ல சாப்பாடு. ஆனால் சோற்றுக்குப் பதிலாக இரண்டு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டு என்றால் வயிற்றுக்குள் போகும் மா குறையவில்லை. தீட்டிய சிவப்பரிசியும் அப்படித்தான், நிறத்துக்கு ஏமாறக்கூடாது. மாதக் கட்டணத்துக்கு வீட்டு வாசலுக்கே வரும் டயட் பார்சலையும் ஒரு மாதம் எடுத்துப் பார்த்தோம். ருசியில் குறையில்லை, காசு முடிந்ததும் பழக்கமும் முடிந்தது.

மறுநாள் கேள்விக்கு மனைவியின் முறையில் பதிலே தேவைப்படவில்லை. கலியாண வீட்டில் புரியாணி சாப்பிட்டார், ஐஸ்கிறீமும் சாப்பிட்டார், அடுத்த நாள் பானையில் இரண்டு சுண்டு போட்டார். எதுவும் உடையவில்லை. லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010 இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் கை போகும் அளவுக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்குக் கணக்குப்படி 254. இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்தவையும் சின்ன விஷயங்கள்தான், ஏற்கனவே இருக்கும் ஒரு நேரத்தோடு கட்டப்பட்டவை. எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மரக்கறியை யாரும் மன உறுதியால் காப்பாற்றவில்லை, கிழமை வந்தால் அது தானாக நடக்கிறது.

குறையும் உண்டு. மெதுவானது. நான்கு மாதத்தில் அவருக்கு இறங்கியது இரண்டு கிலோ. அவசரமாக எடை குறைக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பியவருக்கு இந்த வேகம் போதாது. அவருக்கு மேற்பார்வையோடு ஒரு கடுமையான முறைதான் சரி. தனியாக அறை எடுத்துக் கடையில் சாப்பிடும் பொடியன்களுக்குக் குறைக்கப் பானையே இல்லை, அவர்களுக்கு என் மணிக்கூடு தோது. வீட்டில் சமைக்கிறவர்களுக்கு நான் சுண்டைத்தான் சொல்வேன்.

ஆறு மாதம் கழித்து என் எச்பிஏ1சி 5.9. என் பட்டினிதான் காரணம் என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். பிறகுதான் யோசித்தேன், நான் சாப்பிட்டதும் அதே இரண்டு சுண்டுப் பானையில்தானே.

மூன்று முறைகளும் தோற்ற இடம் ஒன்று இருக்கிறது: கந்தோரில் பின்னேரம் நாலு மணி. யாருக்காவது பிறந்தநாள், பதவி உயர்வு, ஒன்றுமில்லாவிட்டால் பிரியாவிடை. ரோல்ஸ் பெட்டி வந்துவிடும். பையில் அவித்த கடலை கொண்டுபோய்ப் பார்த்தேன். கடலையையும் சாப்பிட்டு ரோல்ஸையும் சாப்பிட்டேன். வெள்ளிக்கிழமையாவது மச்சம் இல்லை என்று தப்பலாம் என்றால், அன்றைக்குப் பார்த்து மரக்கறி ரோல்ஸ் வருகிறது.