மாலா, மியூசியமா?

சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் மதுரைக்கு வந்திருந்தேன். அக்கா மகள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மியூசியம் போகலாமா என்று கேட்டதும், "மாலுக்குப் போகலாமே மாமா" என்றாள்.

தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்துக்குப் போயிருக்கிறாயா என்றேன். "எட்டாவது படிக்கும்போது கூட்டிட்டுப் போனாங்க. வரிசையா உள்ள போனோம், வரிசையா வெளிய வந்தோம். பேசினா டீச்சர் திட்டுவாங்க." அது ராணி மங்கம்மாள் அரண்மனை என்பதோ, சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது என்பதோ அவள் மனதில் நிற்கவில்லை. வாசலில் வாங்கித் தின்ற மாங்காய் மட்டும் நிற்கிறது.

சரி, கீழடிக்குப் போவோம் என்றேன். சிநேகிதிகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள், போட்டோ எடுக்கத்தான். அங்கே அகழாய்வில் கிடைத்த பொருட்களுக்காக 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். முதல் கால் மணி நேரம் முழுக்கத் தூண், முற்றம், செல்ஃபி.

அப்புறம் ஒருத்தி பானை ஓட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். 'ஆதன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர். "பெஞ்சுல காம்பஸ் வச்சு நாம கிறுக்குறோமே, அதே மாதிரி!" என்றாள். இன்னொருத்தி வட்டச் சில்லுகளைக் காட்டி, "எங்க ஊர்ல பாண்டி ஆட இப்படித்தான் ஓட்டை உரசி வட்டமாக்குவோம்" என்று ஆரம்பித்தாள். இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. சில்லை எந்த விரலில் பிடிப்பது என்பதில் மூவருக்கும் சண்டை. நான்தான் பசிக்கிறது என்று இழுத்து வர வேண்டியிருந்தது.

அந்தத் தெம்பில் அடுத்த வாரம் வேறொரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம். பாதி விளக்கு எரியவில்லை. சிலைக்குக் கீழே இருந்த அட்டை வெளுத்து, 'நூற்றாண்டு' என்பது மட்டும் தெரிந்தது. எத்தனையாவது என்பது போய்விட்டது. மூடும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போதே, "சீக்கிரம் பாருங்கம்மா, பூட்டணும்" என்று ஒருவர் சாவிக்கொத்தோடு பின்னாலேயே வந்தார். கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அந்தச் சாவி அவரிடம் இல்லையாம். வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருக்கிறாராம்.

"இதுக்குத்தான் மாமா, அன்னைக்கே மாலுக்குப் போகலாம்னு சொன்னேன்."