கடலில் ஓடிய பழைய படகு: அவுட்போர்டா, ஸ்டெர்ன்டிரைவா, இன்போர்டா?

பழைய விசைப்படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" என்றுதான். கடலில் ஓடிய படகு என்றால் அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். ஓடாத நேரத்தில் படகு எங்கே நின்றது, தண்ணீரிலா டிரெய்லரிலா? எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே சுற்றி வந்தது கடல்நீரா, கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவமா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் அது நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒன்றோடொன்று இணைந்தபடி அதில் மூழ்கிக் கிடந்தால், கரைவது அலுமினியம்தான். மூன்று வகை எஞ்சின்களில் எது இந்தச் சண்டைக்கு அதிகம் இடம் கொடுக்கிறது என்பதுதான் விஷயம்.

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்தான் அவுட்போர்டு. அதன் பெரிய பலம், வேலை முடிந்ததும் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைக்கலாம் என்பது. குழாயை மாட்டி நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலசிவிடலாம். அப்படி அலசாத எஞ்சினில் உப்பு படிந்து நீர்ப்பாதைகள் அடைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் உரிமையாளரின் பழக்கம் தெரிந்துவிடும். பெயின்ட் கொப்பளித்து அடியில் வெள்ளைத் தூள் கொட்டுவதும் அலுமினியம் அரிபடுவதற்கு அடையாளம். மோசமாகவே போனாலும் எஞ்சினை முழுசாக இறக்கி வேறொன்றை மாட்டலாம், படகு பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டெர்ன்டிரைவ் விஷயத்தில் எனக்கு இந்த நிம்மதி கிடையாது. எஞ்சின் படகுக்குள்ளே, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் வெளியே. தூக்கினாலும் டிரைவின் ஒரு பகுதி தண்ணீரிலேயே இருக்கும். ஆனால் உண்மையான ஆபத்து வெளியே தெரிவதில்லை. எஞ்சின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் அதன் மேலுள்ள ரைசர் என்ற குழாயிலும் இருக்கிறது. ஒரு பக்கம் சூடான புகை, மறுபக்கம் கடல்நீர், நடுவே ஒரு இரும்புச் சுவர். அந்தச் சுவர் உள்ளிருந்து துருப்பிடித்து மெலிந்துகொண்டே போகும். வெளிப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஓட்டை விழுந்த அன்று தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது வளைவது கனெக்டிங் ராடுதான். கடல்நீரே உள்ளே ஓடும் எஞ்சினில் இவற்றைச் சுமார் 5 முதல் 7 ஆண்டுகளுக்குள் மாற்றிவிடுவதுதான் பொதுவான வழக்கம். ரைசரைக் கழற்றி அது மேனிஃபோல்டில் உட்காரும் முகத்தைப் பாருங்கள். தண்ணீர்த் துளையிலிருந்து புகைத் துளையை நோக்கித் துருக்கோடு இழுத்திருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது. அப்புறம், எஞ்சினும் டிரைவும் இணையும் இடத்தில் தண்ணீர் புகாமல் மூடும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸ். அது கிழிந்தால் பேரிங் கெடும். கவனிக்காமல் விட்டால் கட்டி வைத்த இடத்திலேயே படகு மூழ்கவும் கூடும்.

இன்போர்டில் எஞ்சின் படகுக்குள்ளே இருக்கும், ஷாஃப்ட் என்ற தண்டு வழியாக வெளியிலுள்ள ப்ரொப்பெல்லரைச் சுழற்றும். வெளியே தண்ணீரில் இருப்பவை பெரும்பாலும் வெண்கலமும் ஸ்டெயின்லெஸும்தான். அலுமினியம் அளவுக்கு அவை சீக்கிரம் பலியாவதில்லை. ப்ரொப்பெல்லரைச் சுரண்டும்போது பொன்னிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், உலோகக் கலவையிலிருந்து துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று பொருள். அதை நம்பி ஓட்டக் கூடாது. பல இன்போர்டுகளில் எஞ்சினுக்குள் கூலண்ட் சுற்றும், கடல்நீர் அந்தக் கூலண்டின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும். "குளோஸ்டு கூலிங்" என்று விற்பவர் சொன்னதும் தலையாட்டிவிடாதீர்கள். மேனிஃபோல்டிலும் கூலண்ட்தானா என்று கேளுங்கள். பிளாக்கில் மட்டும் கூலண்ட், மேனிஃபோல்டில் கடல்நீர் என்ற அரைகுறை அமைப்புகள் நிறைய உண்டு.

இன்போர்டு படகுகள் பெரும்பாலும் வருடம் முழுக்கத் தண்ணீரில், கரை மின்சாரத்தில் இணைந்தபடி நிற்பவை. கசியும் மின்சாரம் சாதாரண அரிப்பைவிட வெகுவேகமாக உலோகத்தைத் தின்றுவிடும். கரை மின்சாரத்தின் எர்த் வயர் வழியே வரும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற உலோகங்களைக் காப்பாற்றத் தானே கரைவதற்கென்று மாட்டும் உலோகத் துண்டுகளான ஆனோடுகளையும் பாருங்கள்: பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றத் தவறியிருக்கிறார்கள். பல வருடமாகியும் புதுசு போலவே இருந்தால் அது இன்னும் மோசம், இணைப்பே இல்லாமல் சும்மா தொங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மெக்னீசியம் ஆனோடு நன்னீருக்கானது. கடலில் ஓடிய படகில் அது மாட்டியிருந்தால் பராமரித்தவருக்கு விஷயம் தெரியவில்லை.

மூன்றுக்கும் பொதுவானது வயரிங். ஏதாவதொரு வயரின் நுனியில் கொஞ்சம் உறையை உரியுங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் உப்பு உள்ளே ஏறியிருக்கிறது. வெள்ளீயம் பூசிய வயர் என்றால் நல்ல அறிகுறி.

என் வரிசை இதுதான்: டிரெய்லரில் தூங்கிய, அலசிப் பழகிய அவுட்போர்டு முதலில். மேனிஃபோல்டு வரை கூலண்ட் ஓடும் இன்போர்டு இரண்டாவது. கடல்நீரே உள்ளே சுற்றும் ஸ்டெர்ன்டிரைவ், அதுவும் தண்ணீரிலேயே கட்டிப்போட்டது என்றால், மேனிஃபோல்டும் ரைசரும் பெல்லோஸும் மாற்றிய ரசீதை விற்பவர் காட்டினால் மட்டும் விலை பேசுவேன். ரசீது இல்லை, கழற்றிப் பார்க்கவும் விடமாட்டார் என்றால், அந்த மூன்றையும் புதிதாகப் போடும் செலவை அவர் கேட்கும் தொகையிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேச்சு.