பவுன் லட்சத்தத் தாண்டுன மாசம் ஊர்ல இருந்தேன்

2025 டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டு வந்தேனுங்க. காங்கயத்துக்கும் சிவகிரிக்கும் நடுவால தோட்டத்துச் சாளை, அதாவது காட்டுக்குள்ளயே இருக்கற வீடு, அப்பாவும் அம்மாவும் மட்டுந்தான் இருக்காங்க, நான் சிங்கப்பூர், தம்பி பெங்களூர். ஊர்ல எந்த வேலை எப்படி நடக்குது, எதுக்கு எங்க போகணும்னு இங்க இருந்து போறவங்க நெறய பேர் கேக்கறீங்க, அதான் பாத்தத எழுதறேன். நடுவுல நியூஸும் வரும், இந்த தடவ ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்கு முடியல.

நான் அங்க இருந்தப்பத்தான் தங்கம் பவுன் லட்ச ரூபாயத் தாண்டுச்சு. டிசம்பர் 15. டிவில அத ஒரு வேடிக்கையா காட்டறாங்க, நகைக்கடை வாசல்ல நிக்கற பொண்ணுங்ககிட்ட மைக்க நீட்டி இனி கல்யாணமெல்லாம் எப்படிங்கன்னு கேக்கறாங்க, எங்க சிங்கப்பூர் குரூப்ல ஆளாளுக்கு அவங்கவங்க தாலிக்கொடி எத்தன லட்சம்னு கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. எங்க தோட்டத்துப் பக்கம் யாரும் அத அப்படிப் பாக்கல. பக்கத்துத் தோட்டத்துச் சின்னம்மா பொழுதோட வந்து அம்மாகிட்ட சொன்னது, "ஏனுங்கக்கா, இனிமே கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் போட்டுக்கலாமுங்க, மிச்சத்த எங்கயாச்சும் கொண்டுபோய் வெச்சுருங்க". அந்தம்மா மொகத்துல இருந்தது பயம்.

காரணம் உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் கடைசில பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல தோட்டத்து வீட்ல இருந்த வயசான தம்பதியையும் அவங்க மகனையும் ஒரே ராத்திரில கொன்னுட்டாங்க. அப்பறம் 2025 மே மாசப் பொறப்புல சிவகிரி பக்கம் விளக்கேத்தில, அதே மாதிரி தோட்டத்துல தனியா இருந்த ஒரு பெரியவரும் அந்தம்மாவும் கொலையாகிக் கெடந்தாங்க, நகையக் காணோம், விஷயம் வெளிய தெரியறதுக்கே சில நாள் ஆயிருச்சு. மே மாசமே ஆளுங்களப் புடிச்சாங்க, பல்லடத்துலயும் இவங்கதான்னு போலீஸ் சொன்னாங்க. பல்லடம் ஒரு பக்கம், சிவகிரி இன்னொரு பக்கம், நடுவுல எங்க தோட்டம். அந்த சேதி வந்த அன்னைக்கு ராத்திரி நான் இங்க படுக்கைல ஒக்காந்து வீட்டுக்குப் போன் அடிச்சது இன்னும் நெனப்பிருக்கு, அப்பா எடுக்கறதுக்குள்ள உசுரு போயிட்டு வந்துச்சு.

வெளியூர்க்காரங்களுக்கு இதுல என்ன பிரச்சினைன்னு சட்டுனு புரியாது. தஞ்சாவூர் பக்கம் மாதிரி வீடெல்லாம் ஒட்டி ஒட்டி ஒரே தெருவுல இருக்காது எங்க பக்கம், அவங்கவங்க காட்டுக்கு நடுவால அவங்கவங்க சாளை, பக்கத்து வீடுன்னா அது கண்ணுக்குத் தெரியும் ஆனா கத்துனா கேக்காது. முன்னாடி பண்ணையத்துக்கு ஆளுங்க அங்கயே குடியிருந்தாங்க, கட்டுத்தரைல மாடு இருக்கும், விடியாலேயே பால் ஊத்தற ஆளு வருவாரு, யாராச்சும் ஒருத்தர் வந்து போயிட்டே இருப்பாங்க. இப்ப மாட்ட வித்தாச்சு, புள்ளைங்க திருப்பூர் கம்பெனிக்கோ கோயமுத்தூருக்கோ எங்கள மாதிரி கடல் தாண்டியோ போயாச்சு, தென்னை மட்டும் நிக்குது.

அதனால இந்த தடவ முதல் வேலையே பேங்க் லாக்கர். பேங்க் பேரு வேண்டாம். கவுண்டர்ல இருந்தவரு லாக்கர் காலி இல்லீங்கம்மா, அஞ்சு லட்சம் டெபாசிட் போட்டீங்கன்னா மேனேஜர்கிட்ட சொல்லிப் பாக்கலாம்னாரு. நான் ரிசர்வ் பேங்க் விதிய போன்ல வெச்சிருந்தேன், அத எடுத்துக் காட்டுனேன். 2022 ஜனவரி 1ல இருந்து நடப்புல இருக்கற விதி அது, லாக்கருக்கு எழுதிக் குடுத்தா பேங்க் ஒப்புகை குடுக்கணும், காலி இல்லைன்னா காத்திருப்பு வரிசைல நம்பர் குடுக்கணும், டெபாசிட் கேக்கலாம் ஆனா மூணு வருச வாடகையும் லாக்கர ஒடச்சுத் தொறக்கற செலவும் சேந்த அளவுக்குத்தான் கேக்கலாம், லட்சக்கணக்குல கேக்க எடமில்ல. மேனேஜர் வந்து பேசுனாரு, மரியாதையாத்தான் பேசுனாரு, நம்பர் எழுதிக் குடுத்தாரு. ஊருக்குப் போறவங்க தயவு செஞ்சு இத வாங்காம திரும்பாதீங்க, வயசானவங்க தனியா போனா வாயால இல்லைன்னு சொல்லியே அனுப்பிடறாங்க.

அதே விதில இன்னொன்னும் இருக்கு, அத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுனப்ப அவரு கொஞ்ச நேரம் பேசல. பேங்க்ல திருடு போனாலோ, தீப்புடிச்சாலோ, அங்க வேலை பாக்கறவங்களே மோசடி பண்ணுனாலோ, பேங்க் குடுக்க வேண்டியது வருச வாடகையப் போல நூறு மடங்கு வரைக்குந்தான். வாடகை 2,000 ரூபான்னா 2 லட்சம். அந்த மாச வெலைக்கு அது சுமாரா ரெண்டு பவுனு. இந்த விதிய எழுதுன 2021ல பவுன் நாப்பதாயிரத்துக்கும் கீழ இருந்துச்சு. வீட்ல வெச்சா உசுருக்குப் பயம், பேங்க்ல வெச்சா நூறு மடங்குன்னு ஒரு கணக்கு, அப்பறம் எங்கதான் வெப்பாங்க நம்ம அம்மாக்கள்? இந்த உச்சவரம்ப ஏத்தணும்னு யாராச்சும் பாராளுமன்றத்துல பேசணும், இத நான் கோவத்தோடதான் எழுதறேன்.

கேமரா போட்டோம். ஊர் கேபிள்காரத் தம்பியே ஃபைபர் இழுத்து தோட்டம் வரைக்கும் கொண்டுவந்து குடுத்துட்டாரு, நாலு கேமரா, இன்வெர்ட்டர்ல சேத்தியாச்சு, கரண்ட் போனாலும் ஓடும். கரண்ட்னு சொன்னதும் ஒண்ணு, நாங்க இருந்தப்ப தென்ன மட்ட விழுந்து வயர் அறுந்துருச்சு, மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணுனோம், புகார் நம்பர் மெசேஜா வந்துச்சு, மத்தியானத்துக்குள்ள ஆளு வந்து கட்டிக் குடுத்துட்டாரு. 2021ல ஆரம்பிச்ச நம்பர் அது, அதுக்கு முன்னாடி லைன்மேன் வீட்டத் தேடி அப்பா எக்செல் வண்டில போவாரு, அந்தக் காலம் எனக்கு நல்லா தெரியும்.

போலீஸப் பத்தி நாலு பேரு நாலு விதமா சொல்வாங்க, நான் பாத்தத சொல்றேன். கேட்டுல ஒரு நோட்டு தொங்குது, ராத்திரி ரோந்து வர்றவங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க. தெனமும் வர்றதில்ல. ஆனா வர்றாங்க, அப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டு வாத்தியாரய்யா நல்லாருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போறாங்க, அந்த ஒரு குரலுக்கு அம்மா நிம்மதியா தூங்கறாங்க.

வீட்டு வாசலுக்கே வர்ற அரசாங்க வேலைங்க இந்த தடவ எனக்கு நெம்பப் பெருசாத் தெரிஞ்சுது. ரேஷன் அரிசியும் சக்கரையும் வண்டில வருது, தாயுமானவர் திட்டம்னு 2025 ஆகஸ்ட் 12ல ஆரம்பிச்சாங்க, 70 தாண்டுனவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். தராசு, கைரேகை மெசின் எல்லாம் வண்டிலயே இருக்கு. பிரஷர் மாத்திரையும் சக்கரை மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல இருந்து ஒரு பொண்ணு கொண்டுவந்து குடுத்து, பிரஷரும் பாத்துட்டுப் போகுது, 2021ல இருந்து. அப்பாவுக்குப் பென்ஷன் வாழ்நாள் சான்று போஸ்ட்மேன் வீட்லயே எடுத்துக் குடுத்துட்டாரு, 70 ரூபா. இதெல்லாம் மொதல்ல நான் வெறும் வசதின்னு நெனச்சேன், ஆனா அம்மா சொன்னாங்க, "கண்ணு, அரிசி கெடக்கட்டும், மாசத்துக்கு நாலு தடவ யாராச்சும் வந்து எட்டிப் பாக்கறாங்கல்ல". விளக்கேத்தில சில நாள் யாருக்கும் தெரியாமயே கெடந்தாங்கன்னு மேல எழுதுனேனே, அதோட சேத்துப் பாருங்க இத.

யானைச் சேதிக்கு வர்றேன். ரேஷன் கடைய ஒடச்சு அரிசி தின்ன யானைன்னு நமக்கு வீடியோ வந்தா சிரிச்சுட்டு அடுத்தவங்களுக்கு அனுப்பிடறோம். கோயமுத்தூர் பக்கம் தடாகத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், அங்க பொழுது சாஞ்சா யாரும் வெளிய வர்றதில்ல. 2019ல சின்னத்தம்பிங்கற யானைய அந்தப் பக்கந்தான் புடிச்சு டாப்சிலிப்ல கொண்டுபோய் விட்டாங்க, அது நடந்தே உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டுக்கு வந்துருச்சு, மறுபடி புடிச்சு முகாம்ல சேத்தாங்க, அன்னைக்கு ஊரே அதுக்காக அழுதுச்சு. பெரியம்மா வாழத்தோட்டத்துல நட்டம் ஆனப்பவும் அந்தம்மா யானையத் திட்டி ஒரு வார்த்தை பேசல. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரைப் பக்கம் ரயில் மோதி மூணு யானை செத்துச்சு. அதுக்கப்பறம் மதுக்கரைல தண்டவாளத்து ஓரமா 12 கோபுரம் கட்டி, யானை வர்றதக் கண்டுபுடிக்கற ஏஐ கேமரா வெச்சு, யானை கிட்ட வந்தா ரயில் ஓட்டறவருக்குத் தகவல் போற மாதிரி 2024 பிப்ரவரில ஆரம்பிச்சுட்டாங்க. நல்ல வேலை. பெரியம்மா கேட்டாங்க, ரயிலுக்கு சொல்ற மாதிரி விடியால பால் கறக்கப் போற பொம்பளைங்களுக்கும் ஒரு சத்தம் குடுத்தா என்னன்னு. நியாயமான கேள்வி.

என்னால மறக்க முடியாதது நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம். 2025 ஜூலைல பேப்பர்ல வந்துச்சே, விசைத்தறி ஓட்டறவங்க கடனுக்காக கிட்னிய வித்த விஷயம். ஒரு விசேஷத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தோம், ஒறம்பரைல, சொந்தக்காரங்கள்ல, ஒரு அண்ணன் தறி ஓட்டறாரு, சாப்பிட்டுட்டு கை கழுவப் போறப்ப மெதுவா சொன்னாரு, "வாரக் கடன் கட்ட முடியாத வீட்டத் தேடித்தான் புரோக்கர் வர்றானுங்க, அவனுக்கு எந்த வீடுன்னு தெரியுது பாருங்க". 1994 சட்டப்படி உறுப்ப விக்கறதும் வாங்கறதும் குத்தம். ரெண்டு தனியார் ஆஸ்பத்திரிக்கு கிட்னி மாத்தற அனுமதிய அரசாங்கம் நிறுத்துச்சு, ஹைகோர்ட்டு தனி விசாரணைக் குழு போட்டுச்சு. இதே தமிழ்நாட்டுலதான் மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்பு தானம் பண்ணுனா அரசு மரியாதையோட அடக்கம்னு 2023 செப்டம்பர்ல அறிவிச்சாங்க, அவ்வளவு பெரிய மனசு இருக்கற ஊரு இது. கட்டாயக் கடன் வசூலத் தடுக்க 2025ல தனிச் சட்டமும் வந்துருச்சு. ஆனா அரிசியும் மாத்திரையும் வாசலுக்கு வர்ற மாதிரி, குறைஞ்ச வட்டிக் கடன் அந்தத் தறிக்காரர் வாசலுக்கு இன்னும் வரல, புரோக்கர் வந்துட்டான். இத எழுதறப்பவே வயிறு எரியுது.

மத்ததெல்லாம் சுருக்கமா. கோயமுத்தூர்ல அவினாசி ரோட்டு மேல 10.1 கிலோமீட்டர் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபர் 9ல தொறந்தாச்சு, உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் போறது இப்ப சிரமமே இல்ல. மெட்ரோ திட்டத்த மட்டும் நவம்பர்ல டெல்லி திருப்பி அனுப்பிருச்சு, 20 லட்சம் ஜனத்தொகை வேணுமாம், கோயமுத்தூருக்கு 2011 கணக்குப்படி 15.84 லட்சந்தானாம். 2011ல இருந்த ஊரா இது? காந்திபுரத்துல ஒரு சாயங்காலம் நின்னு பாத்தாப் போதும். காங்கயம் டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு காசில்ல, 2021 மே மாசத்துல இருந்து, எனக்கும் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தாரு. கூட்டம் அதிகம், வண்டி பழசு, ஆனா அம்மா வயசுக்காரங்க யார்கிட்டயும் காசு கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றாங்க.

வாக்காளர் பட்டியல் திருத்தத்துல தமிழ்நாட்டுல 97 லட்சம் பேரோட பேரு போச்சுன்னு டிசம்பர் 19ல வந்துச்சு, என் பேரும் அதுல ஒண்ணு. வெளிநாட்டுல இருக்கற இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ போட்டு சேத்துக்கலாம், ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோட நேர்ல வரணும். எங்க அங்கன்வாடி டீச்சரம்மா படிவத்தத் தூக்கிட்டு இட்டேரில, அதான் காட்டுக்கு நடுவால போற வேலியோர வழில, மொபட்டத் தள்ளிட்டு தோட்டம் தோட்டமா வந்தாங்க, ஒருத்தர் பேரும் விட்டுறக்கூடாதுன்னு அவங்க பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேன்.

ஊருக்குப் போறவங்க ஒரு நாள் ஒதுக்கி பக்கத்து ஸ்டேஷனுக்கு நேர்ல போயி, அப்பா அம்மா தனியா இருக்காங்கன்னு எழுதிக் குடுத்து, உங்க வெளிநாட்டு நம்பரையும் குடுங்க. 108, 112, வயசானவங்களுக்கான 14567 மூணையும் பெருசா எழுதி செவுத்துல ஒட்டுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நம்பர் உங்க போன்ல இருக்கணும், பங்காளிச் சண்டை இருந்தாலும் இருக்கணும்.

எங்க இட்டேரில மெயின் ரோட்டுல இருந்து சாளை வரைக்கும் ஒரு தெருவிளக்குகூட இல்ல. பஞ்சாயத்துல கேட்டா பாக்கலாங்கறாங்க, அதனால திங்கக்கெழம மக்கள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்க்கு அப்பாவக் கூட்டிட்டுப் போயி அந்த வழில இருக்கற எல்லாத் தோட்டத்துக்காரங்க கையெழுத்தோட மனு குடுத்துட்டு வந்திருக்கேன். கம்பம் எங்கெங்க வேணும்னு படமும் வரஞ்சு சேத்திருக்கோம். மனு நம்பர் அப்பா போன்ல இருக்கு, பொங்கலுக்குப் போற தம்பிய பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ்ல போயிக் கேக்கச் சொல்லியிருக்கேன், அங்க நடக்கலைன்னா முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்கு போடணும்.