கார்லைலா, வில்லியா?

அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து மேற்கு வர்ஜீனியா மாநிலம் பிறந்த கதையை எழுத யாரை நாயகனாக்குவது என்று குழம்புகிறீர்களா?

தொடக்கம்: 1861 மே, வீலிங் நகரில் கூடிய மாநாடு. உடனே தனி மாநிலம் வேண்டும் என்றார் ஜான் கார்லைல். அவசரம் வேண்டாம் என்றார் வெயிட்மன் வில்லி.

உறுதி: இங்கேதான் வேடிக்கை. இருவரும் செனட்டர்கள் ஆனபின், தனி மாநிலத்துக்கான மசோதாவில் கூடுதலாக 15 மாவட்டங்களைச் சேர்த்துச் சிக்கலாக்கினார் கார்லைல். 1862 ஜூலையில் எதிர்த்தே வாக்களித்தார். வில்லியோ அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கும் திருத்தத்தைக் கொடுத்து மசோதாவைக் கரையேற்றினார். 1863 ஜூன் 20-ல் மாநிலம் உதயம்.

மேடை முழக்கமும் திருப்பமும் வேண்டுமென்றால் கார்லைல். மாநிலம் எப்படி உருவானது என்று விளக்க வேண்டுமா? சரி, வில்லிதான். என் ஓட்டும் அவருக்கே.