பனல் போட்டுது எண்டு சொன்ன ரிவி இப்ப வடிவா ஓடுது: கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக்கே வந்து திருத்தித் தாற அண்ணையைப் பற்றி

எங்கட 32 இஞ்சி எல்ஈடி ரிவி 2020 மாசியில காலபோக வெட்டு முடிஞ்ச கையோட அப்பா வேண்டினது, கொரோனா ஊரடங்கு போடக் கொஞ்சம் முன்னம். ஊரடங்கு முழுக்க அதுதான் எங்களுக்குத் துணை. போன மாசம் இரவுச் செய்தி பாத்துக்கொண்டிருக்கேக்க படம் பட்டெண்டு இருண்டு போச்சு, ஆனா சத்தம் வருது, ரிமோட்டில சனல் மாத்தினா சத்தமும் மாறுது.

அடுத்தநாள் ஓட்டோவில ஏத்தி ஒரு கடைக்குக் கொண்டு போனம், பேர் சொல்ல விரும்பேல்ல. ஒரு ஸ்குறூ கூடக் கழட்டேல்ல, ஒருக்காப் போட்டுப் பாத்திட்டு "பனல், அதுதான் படம் காட்டுற கண்ணாடித் திரை, போட்டுது, புதுசு எடுக்கிறதுதான் நல்லம்" எண்டு சொல்லிப் புது ரிவியின்ர விலையையும் சொல்லிச்சினம். அப்பா ஒண்டும் கதைக்காமல் திருப்பி ஏத்திக்கொண்டு வந்திட்டார். எனக்கு அதுதான் சரியான கவலை.

பிறகு தருமபுரத்தில இருக்கிற சித்திதான் இந்த அண்ணையின்ர நம்பரைத் தந்தவ. போனிலயே அவர் கேட்ட முதல் கேள்வி "சத்தம் வருதோ தங்கச்சி?" வருது எண்டன். "அப்ப வீட்டு லைற்றெல்லாம் நிப்பாட்டிட்டு ரோச்சை ஸ்கிறீனுக்குக் கிட்டச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ." பிடிச்சால், கிணத்துக்குள்ள எட்டிப் பாக்கிற மாதிரி, ரோச் வெளிச்சம் படுற அந்த வட்டத்துக்குள்ள மட்டும் செய்தி வாசிக்கிறவவின்ர முகம் மங்கலா அசையுது! "அப்ப பனல் சுகமா இருக்கு, பின்னுக்குப் பிடிக்கிற லைற்தான் போட்டுது" எண்டார். அந்த ஒரு சோதினையை அந்தக் கடையிலயும் செய்திருக்கலாம், ஒரு நிமிசம் கூடப் பிடிக்காது.

சொன்ன நேரத்தைவிட ரெண்டு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தவர், அது உண்மை. ஆனா வேலை தொடங்கினா அவசரமே இல்லை. கட்டில்ல சுத்தமான பெட்சீற் விரிக்கச் சொல்லி ரிவியைக் கவிட்டு வைச்சார், பின் மூடியைக் கழட்டினதும் என்ர தம்பி கையை நீட்டப் போக "தொடாதேங்கோ தம்பி, பிளக்கைக் கழட்டினாலும் உந்தப் பெரிய கப்பாசிற்றருக்குள்ள 300 வோல்ற்றுக்கு மேல நிக்கும்" எண்டு சொல்லி முதல் அதுக்குள்ள நிண்ட கரண்டை இறக்கிப்போட்டுத்தான் மற்ற வேலை. வீட்டில தாங்களே கழட்டிப் பாக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கோ.

பனல் கண்ணாடியை அவரும் தம்பியும் ரெண்டு பக்கமும் பிடிச்சு, ஓரத்தில இருக்கிற ரிப்பன் வயருகள் மடியாமல் மெதுவாத் தூக்கி வைச்சிச்சினம். அதுக்குக் கீழ வெள்ளைத் தாளுகள், அதுக்கும் கீழ மூண்டு ஸ்ரிப்பில வரிசையா குட்டிக் குட்டி லைற்றுகள், ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு வில்லை. ரெஸ்ரரின்ர ரெண்டு ஊசியையும் ஒவ்வொரு லைற்றா வைச்சுக்கொண்டு போனார், பத்துது, பத்துது, நடு ஸ்ரிப்பில ஒண்டு பத்தேல்ல. வில்லையை எடுத்துக் காட்டினார், மஞ்சள் பொட்டுக்கு நடுவில ஊசி முனையளவு கறுப்பு. எல்லாம் தொடராப் போகிறதால ஒண்டு அறுந்தா முழுக்க இருட்டு. அந்த ஒண்டை மட்டும் மாத்தலாம்தானே எண்டு அப்பா கேட்டவர், அதுக்கு அண்ணை, மற்றதுகளும் அதே அளவு ஓடின லைற்றுகள், ஆறு மாசத்தில அடுத்தது போகும், பிறகு திரும்பக் கழட்டேக்க பனலுக்குத்தான் ஆபத்து எண்டு விளக்கமாச் சொன்னார். ஸ்ரிப்பில இருக்கிற நம்பரைப் படம் எடுத்தனுப்பி யாழ்ப்பாணத்தில இருந்து எடுப்பிச்சவர், 3 வோல்ற், 6 வோல்ற் எண்டு லைற்றுகள் இருக்காம், மாறிப் போட்டாச் சரிவராது.

நாலு நாள் கழிச்சு வந்து மூண்டையும் மாத்தினார். முழுக்க 7,500 ரூபா, ரெண்டு தரம் வந்த பெற்றோல் காசும் அதுக்குள்ள. போகேக்க மெனுவில பக்லைற்றை, அதுதான் அந்தப் பின் லைற்றின்ர வெளிச்சத்தை, 100இல இருந்து 65க்கு இறக்கி விட்டார், முழு வெளிச்சத்தில வைச்சா சூட்டுக்கு லைற்றுகள் கெதியாப் போயிடுமாம். எங்களுக்கு 65ஏ காணும், கண்ணுக்கும் சுகம்.

குறை எண்டால், இடது பக்கக் கீழ் மூலையில ஒரு சின்னத் தூசி நிழல் நிக்குது, வெள்ளைப் படம் வந்தாத் தெரியும், எங்கட செம்மண் புழுதிக்கு அவரையும் குற்றம் சொல்லேலாது. பில் தரேல்ல, மூண்டு மாசத்துக்குள்ள பிழைச்சா காசில்லாமல் செய்து தாறன் எண்டு வாயாலதான் சொன்னவர். இதை எழுதித் தந்தால் நல்லம், அவரிட்டயும் சொன்னனான்.

பனல் வெடிச்சிருந்தா அவரைக் கூப்பிட வேண்டாம், அதுக்குத் தான் கை வைக்கிறேல்ல எண்டு நேராவே சொல்லுவார். மின்னலுக்கு அடிபட்ட ரிவி எண்டால் பாக்கிறார், ஐப்பசி கார்த்திகையில அந்த வேலைதானாம் கூட, கரண்ட் பிளக்கோட டிஷ் வயரையும் சேர்த்துக் கழட்டி வைக்கச் சொல்லிப் போனவர். கூப்பிடுறதெண்டால் ரிவிக்குப் பின்னுக்கு ஒட்டியிருக்கிற மொடல் நம்பரை முதலே படம் எடுத்து அனுப்புங்கோ, சாமானோட வந்தா ஒரே நாளில முடிஞ்சிடும், எங்களுக்கு நாலு நாள் இழுத்தது அதாலதான்.